சாவி எண் 5678

அண்ணா பல்கலைக்கழகத்தின் 2017ஆம் ஆண்டுப் பாடத்திட்டத்தில், ஆபரேட்டிங் சிஸ்டம்ஸ் லேப் என்ற தாளுக்கான பயிற்சிகளில் ஒன்று ஷேர்டு மெமரி, அதாவது பகிர்நினைவகம். இரண்டு நிரல்கள் ஒரே நினைவகத்தைப் பகிர்ந்துகொண்டு பேசிக்கொள்வதை மாணவர்கள் செய்து காட்ட வேண்டியிருந்தது. இதற்காகப் பல லேப் நோட்டுகளில் ஏறியிருக்கும் நிரல், பிரிட்டனின் கார்டிஃப் பல்கலைக்கழகத்தில் டேவ் மார்ஷல் 1990களில் எழுதிய சி மொழிப் பாடக் குறிப்புகளில் உள்ளது. முதல் நிரல் 5678 என்ற சாவி எண்ணைச் சொல்லி 27 பைட் இடம் கேட்கும். அதில் ஆங்கில எழுத்துகள் 26ஐயும் வரிசையாக எழுதிவிட்டுக் காத்திருக்கும். இரண்டாவது நிரல் அதே எண்ணைச் சொல்லி அதே இடத்துக்குள் நுழைந்து, எழுத்துகளைப் படித்து, முதல் எழுத்தின் மேல் ஒரு நட்சத்திரக் குறியை வைக்கும். அதைக் கண்டதும் முதல் நிரல் முடிந்துகொள்ளும்.

மாணவர் திரையைக் காட்டுகிறார், ஆசிரியர் கையெழுத்திடுகிறார். ஆனால் வேலை இன்னும் முடியவில்லை. இரண்டு நிரல்களும் போய்விட்ட பிறகும் அந்த 27 பைட் கணினியின் நினைவகத்தில் கிடக்கும். யாராவது வேண்டுமென்றே அழிக்க வேண்டும், இல்லையேல் கணினியை அணைத்துப் போட வேண்டும். அதே கணினியில் வேறொரு பயனராக உள்நுழைந்த மற்றொரு மாணவர் அதே 5678ஐக் கேட்டால் அவருக்குப் புது இடம் கிடைக்காது. முன்னவர் விட்டுச்சென்ற இடமே கிடைக்கும், அதுவும் எழுதும் உரிமையோடு. ஏனெனில் அந்த நிரல் எல்லாருக்கும் திறந்துவிட்ட அனுமதியோடுதான் இடத்தை உருவாக்குகிறது.

இந்த மிச்சம் ஏன் அங்கே கிடக்கிறது? யூனிக்ஸில் பகிர்நினைவகத்துக்காக வந்த ஒவ்வொரு முறையையும் ஒன்றோடொன்று ஒப்பிடும்போது வேகத்தைத்தான் பலர் முதலில் பார்க்கிறார்கள். வேகத்தில் அவற்றுக்கிடையே சொல்லிக்கொள்ளும்படியான வேறுபாடு இல்லை. இடம் ஒருமுறை ஒட்டப்பட்டுவிட்டால், இரண்டு பிராசஸ்களின் பக்க அட்டவணைகளும் ஒரே ராம் பக்கங்களைச் சுட்டும். அதன் பிறகு கெர்னல் குறுக்கே வருவதில்லை. உண்மையான வேறுபாடு இரண்டு கேள்விகளில் இருக்கிறது. அந்த இடத்துக்கு எப்படிப் பெயர் வைப்பது? கடைசி ஆள் போன பிறகு அதை யார் காலி செய்வது? நாற்பது ஆண்டுகளுக்கும் மேலாக நீளும் இந்த வரலாறு, இரண்டாவது கேள்விக்கு விடை தேடிய வரலாறு என்றே சொல்லலாம்.

யூனிக்ஸ் பிறந்தபோது பகிர்நினைவகம் இல்லை. பெல் லேப்ஸ், எம்.ஐ.டி., ஜெனரல் எலக்ட்ரிக் ஆகியவை 1960களில் சேர்ந்து உருவாக்கிய மல்டிக்ஸில் அது இருந்தது. அங்கே கோப்பு என்பதே நினைவகத்தின் ஒரு துண்டு, பல நிரல்கள் அதை நேரடியாகத் தொடலாம். 1969இல் பெல் லேப்ஸ் மல்டிக்ஸிலிருந்து விலகியது. கென் தாம்சனும் டென்னிஸ் ரிச்சியும் சிறிய கணினிகளில் புதிதாகத் தொடங்கினார்கள். அவர்கள் பயன்படுத்திய பிடிபி-11இல் ஒரு பிராசஸ் ஒரே நேரத்தில் பார்க்கக்கூடிய நினைவகமே 64 கிலோபைட்தான். அந்த நெருக்கடியில் அவர்கள் எடுத்த முடிவு தெளிவானது: ஒவ்வொரு பிராசஸும் தன் வீட்டுக்குள் தனியே இருக்கட்டும், பேச வேண்டுமென்றால் கெர்னல் வழியாகப் பேசட்டும். அவர்களின் சகா டக் மெக்கில்ராய் பல ஆண்டுகள் வற்புறுத்திய பைப், 1973இல் வந்த யூனிக்ஸின் மூன்றாம் பதிப்பில் இடம்பெற்றது.

ஏற்காடு ஏரி நிறைந்து வழியும் நீர்தான் கிளியூர் அருவியாக ஏறக்குறைய 300 அடி விழுகிறது. விழுந்த நீர் மேலே திரும்பாது, ஒருவர் அள்ளியதை இன்னொருவர் அள்ள முடியாது. பைப்பும் அப்படிப்பட்டது, ஒரு முனையில் விட்டது மறுமுனையில் ஒருமுறைதான் கிடைக்கும். ஏரி வேறு: எந்தக் கரையிலிருந்தும் யாரும் அதே நீரைத் தொடலாம், ஒருவர் கலக்கினால் எல்லாருக்கும் கலங்கும். பைப்பில் ஒவ்வொரு பைட்டும் இருமுறை நகலாகிறது, எழுதுபவரிடமிருந்து கெர்னலுக்கும் அங்கிருந்து படிப்பவருக்கும். சிறிய செய்திகளுக்கு இது பொருட்டே இல்லை. ஆனால் பத்துப் பதினைந்து பிராசஸ்கள் ஒரே பெரிய அட்டவணையை நொடிக்குப் பலமுறை பார்க்க வேண்டுமென்றால், பைப் உதவாது.

அப்படியொரு தேவை முதலில் எழுந்தது அமெரிக்காவின் ஒஹையோ மாநிலத்துக் கொலம்பஸில். அங்கிருந்த பெல் லேப்ஸ் கிளை, தொலைபேசி நிறுவனத்தின் அன்றாட நிர்வாகத்துக்கான பெரிய மென்பொருள்களை யூனிக்ஸில் எழுதிக்கொண்டிருந்தது. ஆராய்ச்சிக்காரர்களின் யூனிக்ஸ் அவர்களுக்குப் போதவில்லை. ஆகவே தங்களுக்கென ஒரு கிளைப்பதிப்பை வளர்த்தார்கள், அதற்கு சிபி யூனிக்ஸ் என்று பெயர். செய்தி வரிசை, செமஃபோர், பகிர்நினைவகம் என்ற மூன்றும் அங்கேதான் வேர்விட்டன. 1983இல் ஏடி அண்ட் டி வெளியிட்ட சிஸ்டம் ஃபைவ் யூனிக்ஸில் அம்மூன்றும் ஒரே குடும்பமாகச் சேர்ந்து வந்தன. பிராசஸ்கள் தமக்குள் பேசிக்கொள்ளும் இந்த வழிகளை இன்றும் 'சிஸ்டம் ஃபைவ் ஐபிசி' என்றுதான் சொல்கிறோம்.

அந்த முறையின் நடைமுறை நான்கு அழைப்புகளில் அடங்கும். ஷம்கெட் இடத்தைக் கேட்கும். ஷம்ஆட் அதைப் பிராசஸின் முகவரிப் பரப்பில் ஒட்டும். ஷம்டிடி பிரிக்கும். ஷம்சிடிஎல் நிலையைக் கேட்கும், அழிக்கவும் செய்யும். யூனிக்ஸில் பெரும்பாலானவை கோப்பு போலப் பெயர்கொண்டு நடமாடும்போது, இது வெறும் எண்ணால் அழைக்கப்பட்டது. ஒரே எண்ணை இருவர் எடுத்துவிடக் கூடாதே என்று எஃப்டோக் என்றொரு வசதியும் வந்தது. ஒரு கோப்பின் ஐநோட் எண்ணிலிருந்தும் சாதன எண்ணிலிருந்தும் சில பிட்களை எடுத்து, நாம் தரும் ஓர் எழுத்தைச் சேர்த்துச் சாவி செய்து தரும் அது. ஐநோட் எண்ணின் கடைசி 16 பிட்களை மட்டும் எடுத்துக்கொள்வதால், இரண்டு வெவ்வேறு கோப்புகள் ஒரே சாவியைத் தந்துவிட வாய்ப்புண்டு.

இன்னொரு பக்கம், சிஸ்டம் ஃபைவ் முறையில் கெர்னல் ஒரு கணக்கு வைத்திருந்தது. இந்த இடத்தில் இப்போது எத்தனை பிராசஸ்கள் ஒட்டியிருக்கின்றன, யார் உருவாக்கினார், கடைசியாக யார் தொட்டார் என்பதெல்லாம் அதில் இருக்கும். ஐபிசிஎஸ் என்ற கட்டளையைத் தட்டினால் பட்டியல் வரும். அதில் 'என்அட்ச்' என்ற நெடுவரிசைதான் ஒட்டியிருப்பவர் எண்ணிக்கை. அந்த நெடுவரிசையில் பூஜ்யம் தெரிந்தால், அது யாரோ விட்டுச்சென்ற மிச்சம். ஐபிசிஆர்எம் கட்டளையால் துடைக்கலாம். இந்தக் கணக்கின் அருமை பின்னால் தெரியவரும்.

இந்தியாவில் யூனிக்ஸ் பரவியதற்கு வங்கிகள் ஒரு பெரிய காரணம். ரிசர்வ் வங்கி, அப்போது துணை ஆளுநராக இருந்த சி. ரங்கராஜன் தலைமையில் வங்கிப் பணிகளை இயந்திரமயமாக்குவது குறித்து ஒரு குழுவை அமைத்தது. குழுவின் அறிக்கை 1984இல் வந்தது. வங்கிகள் யூனிக்ஸ் கணினிகளை நோக்கித் திரும்பியதும், எச்.சி.எல்., விப்ரோ போன்ற இந்திய நிறுவனங்களுக்கு யூனிக்ஸ் இயந்திரம் செய்து விற்க ஒரு சந்தை உருவானது. பின்னாளில் அமெரிக்காவுக்கு யூனிக்ஸ் தெரிந்த பொறியாளர்கள் இவ்வளவு பேர் இங்கிருந்து போக முடிந்ததற்கு வங்கிகளின் அந்தத் திருப்பமும் துணைசெய்தது என்பதை வரலாறு எழுதுபவர்கள் இன்னும் கொஞ்சம் உரக்கச் சொல்லலாம்.

ஒரு யூனிக்ஸ் இயந்திரம், அதனோடு இணைந்த பல டெர்மினல்கள், ஒவ்வொரு டெர்மினலுக்கும் தனி பிராசஸ், எல்லாம் தொடுவது ஒரே லெட்ஜரை. இந்த அமைப்பைத் தாங்கும் டேட்டாபேஸ்களுக்குப் பகிர்நினைவகம்தான் உயிர்நாடி. ஆரக்கிள் தன் பொது நினைவகப் பகுதிக்கு எஸ்.ஜி.ஏ. என்று பெயர் வைத்திருக்கிறது. வட்டிலிருந்து ஒருமுறை படித்த பக்கம் அங்கே தங்கும், அடுத்த பிராசஸ் அதே பக்கத்தைக் கேட்டால் வட்டுக்குப் போக வேண்டியதில்லை. யூனிக்ஸில் எஸ்.ஜி.ஏ.வை ஆரக்கிள் கேட்டு வாங்கியது ஷம்கெட் வழியாகத்தான். கெர்னல் தரும் அதிகபட்ச அளவுக்கு ஷம்மேக்ஸ் என்று பெயர். லினக்ஸில் அது நெடுங்காலம் 32 மெகாபைட்டாகவே இருந்தது. 33554432 என்ற அந்த எண்ணை மாற்றி எழுதாமல் ஆரக்கிள் நிறுவிய சிஸ்டம் அட்மின் அரிது. 2014இல் வந்த லினக்ஸ் 3.16தான் அந்த வரம்பை நடைமுறையில் இல்லாமல் ஆக்கியது.

லினக்ஸைப் பற்றிப் பேசும்போது ஒரு பெயரைச் சொல்லாமல் போக முடியாது. கெர்னல் மூலநிரலின் ஐபிசி அடைவைத் திறந்து, பகிர்நினைவகத்துக்கான கோப்பின் தலைப்பைப் பாருங்கள்: 1992, 1993 என்ற ஆண்டுகளோடு கிருஷ்ணா பாலசுப்ரமணியன் என்ற பெயர் பதிப்புரிமை வரியில் நிற்கிறது. செமஃபோர் கோப்பிலும் செய்தி வரிசைக் கோப்பிலும் அதே பெயர். லினக்ஸ் 1.0 வந்தது 1994 மார்ச்சில். அதற்கு முன்பே சிஸ்டம் ஃபைவ் ஐபிசியின் மூன்று உறுப்புகளையும் அவர் எழுதி முடித்துவிட்டார். பிறகு புரூனோ ஹைப்லே முதலானவர்கள் திருத்தினார்கள், மேம்படுத்தினார்கள். 1998இல் ஆரக்கிள் லினக்ஸுக்கு வந்தபோது, அது கேட்ட ஷம்கெட் அங்கே ஆயத்தமாக இருந்தது. வணிக யூனிக்ஸ் நிரல்கள் லினக்ஸுக்குக் குடிபெயர்ந்ததில் இந்த உழைப்புக்கு ஒரு பங்கு உண்டு. நம் ஊர்க் காதுக்குப் பழகிய இந்தப் பெயரை இங்குள்ள பாடப்புத்தகங்களில் காண முடிவதில்லை, காண வேண்டும்.

சிஸ்டம் ஃபைவ் வந்த அதே காலத்தில் கலிஃபோர்னியாவில் வேறொரு சிந்தனை ஓடிக்கொண்டிருந்தது. எண் எதற்கு, கோப்பையே நினைவகத்தில் விரித்துவிட்டால் என்ன? மல்டிக்ஸின் பழைய எண்ணம்தான் அது. பெர்க்லி குழு 1983இல் வெளியிட்ட 4.2 பிஎஸ்டியின் கையேட்டில் எம்மேப் என்ற அழைப்பு விளக்கப்பட்டிருந்தது. ஆனால் நிரலில் அது இல்லை. விளக்கம் இருக்கும், வேலை செய்யாது. அதை முழுமையாகச் செய்து காட்டியது சன் நிறுவனம். ராப் கிங்கெல், ஜோசப் மோரன், வில்லியம் ஷானன் மூவரும் 1987இல் அந்த வடிவமைப்பை யூஸ்நிக்ஸ் மாநாட்டில் விவரித்தார்கள். அடுத்த ஆண்டு சன்ஓஎஸ் 4.0இல் அது புழக்கத்துக்கு வந்தது. பெர்க்லியின் சொந்த நிரலில் எம்மேப் இடம்பெற 1990கள் ஆகிவிட்டது.

எம்மேப் முறையில் பெயர்ச் சிக்கல் தீர்ந்தது. கோப்பின் பெயரே பெயர், கோப்பின் அனுமதியே அனுமதி. இரண்டு பிராசஸ்கள் ஒரே கோப்பைப் 'பகிர்' என்று சொல்லி விரித்தால், ஒன்று எழுதுவது மற்றதற்கு உடனே தெரியும். கணினி அணைந்தாலும் கோப்பு இருக்கும். சிலருக்கு அது வரம், சிலருக்குத் தொல்லை. தற்காலிகமாகப் பேசிக்கொள்ள ஓர் இடம் போதும் என்பவரின் தரவையும் கெர்னல் அவ்வப்போது வட்டில் எழுதிக்கொண்டிருக்கும். இதற்கு மாற்றாகப் பெயரே இல்லாத எம்மேப்பும் வந்தது. தாய் பிராசஸ் இடத்தை விரித்துவிட்டு, ஃபோர்க் செய்து பிள்ளைகளைப் பெற்றால், பிள்ளைகள் எல்லாருக்கும் அது பொது. கடைசிப் பிள்ளை போனதும் இடம் தானே மறையும், மிச்சம் கிடையாது. உறவில்லாத இரண்டு நிரல்கள் இதைப் பயன்படுத்த முடியாது என்பதே குறை.

இந்த இருவகை எம்மேப்புக்கும் நடுவே ஒரு வழியைத் தேடியவர்கள் போசிக்ஸ் தரக்குழுவினர். 1993இல் வந்த நிகழ்நேர நீட்டிப்பில் ஷம்-ஓப்பன் என்ற அழைப்பு சேர்ந்தது. சாய்கோட்டில் தொடங்கும் ஒரு பெயரைக் கொடுத்தால், கோப்பைப் போன்ற ஒரு கைப்பிடி கிடைக்கும். அதன் அளவை நிர்ணயித்து எம்மேப்பால் விரிக்கலாம். லினக்ஸில் இந்தப் பொருள்கள் எல்லாம் டெவ்-ஷம் என்ற அடைவில், ராமிலேயே வாழும் டெம்ப்எஃப்எஸ் கோப்புகளாகத் தோன்றும். சாதாரண எல்எஸ் கட்டளையால் பார்க்கலாம், ஆர்எம் கட்டளையால் அழிக்கலாம். எண்ணைவிடப் பெயர் எவ்வளவோ மேல். ஆனால் நிரல் பாதியில் செத்துப்போனால், யாரும் அழிக்காதவரை பெயரும் இடமும் அங்கேயே கிடக்கும். துப்புரவுக் கேள்வி அப்படியே நின்றது.

போசிக்ஸ் முறையில் இன்னொன்றும் கழன்றுபோனது, கெர்னலின் கணக்கு. ஓர் இடத்தை இப்போது எத்தனை பேர் பிடித்திருக்கிறார்கள் என்று கேட்கப் போசிக்ஸில் வழியில்லை. பூட்டுகளிலும் இதே இழப்புதான். பகிர்நினைவகத்தில் இருவர் ஒரே நேரத்தில் எழுதினால் தரவு குழம்பும், ஆகவே யாராவது காவல் நிற்க வேண்டும். சிஸ்டம் ஃபைவ் செமஃபோரில் ஒரு வசதி உண்டு. பூட்டைப் பிடித்தபடி பிராசஸ் இறந்துவிட்டால், கெர்னலே அந்தப் பூட்டை விடுவித்துத் தரும். போசிக்ஸ் செமஃபோர் எளிதானது, வேகமானது. ஆனால் பிடித்தவர் செத்தால் மற்றவர்கள் காத்துக்கொண்டே இருக்க வேண்டியதுதான். அதைச் சரிசெய்யும் 'ரோபஸ்ட் மியூடெக்ஸ்' போசிக்ஸ் தரத்தில் ஏற 2008 ஆனது. ஐபிசிக்கென்றே தனி நூல் எழுதிய ரிச்சர்ட் ஸ்டீவன்ஸ் 1999இல் மறைந்தார், இந்தப் பிந்தைய திருப்பங்களை அவர் பார்க்கவில்லை.

கணக்கு எவ்வளவு முக்கியம் என்பதைப் போஸ்ட்கிரெஸ் டேட்டாபேஸின் கதையைவிடத் தெளிவாக வேறெதுவும் காட்டாது. சென்னையில் தலைமையகம் கொண்ட ஸோஹோவின் மேனேஜ்எஞ்சின் மென்பொருள்கள் பலவற்றோடு சேர்ந்தே வரும் டேட்டாபேஸ் அது. ஒவ்வோர் இணைப்புக்கும் ஒரு பிராசஸ் என்பது அதன் அமைப்பு, ஆகவே பகிர்நினைவகம் கட்டாயம். பல ஆண்டுகள் அது முழுவதையும் ஷம்கெட் வழியாகவே வாங்கியது. புதிதாக நிறுவுபவர்கள் ஷம்மேக்ஸ் வரம்பில் முட்டிக்கொண்டு பிழைச்செய்தியைப் பார்த்து விழிப்பது வழக்கம். 2013இல் வந்த 9.3ஆம் பதிப்பில் அந்தத் தொல்லை நீங்கியது. பெரிய இடத்தைப் பெயரில்லாத எம்மேப்பால் வாங்கும்படி மாற்றிவிட்டார்கள்.

ஆனால் சில பத்து பைட் அளவிலான ஒரு சின்ன சிஸ்டம் ஃபைவ் துண்டை விடாமல் வைத்துக்கொண்டார்கள். காரணம் அந்த 'என்அட்ச்' எண்ணிக்கை. தாய் பிராசஸ் திடீரென இறந்து, பிள்ளைகள் சிலர் இன்னும் ஓடிக்கொண்டிருக்கும்போது, நிர்வாகி புதிய தாயைத் தொடங்கிவிட்டால், இரண்டு கூட்டங்களும் ஒரே தரவுக் கோப்புகளில் எழுதிச் சிதைத்துவிடும். புதிய தாய் முதலில் பழைய துண்டின் அடையாள எண்ணைக் கோப்பிலிருந்து படித்து, 'இதில் இன்னும் யாராவது ஒட்டியிருக்கிறார்களா' என்று கெர்னலிடம் கேட்கிறது. ஒட்டியிருந்தால் தொடங்க மறுக்கிறது. எம்மேப்பிலும் போசிக்ஸிலும் இந்தக் கேள்வியைக் கேட்கவே முடியாது. மிச்சம் விட்டுச்செல்கிறது என்று எல்லாரும் திட்டிய அதே முறையில், ஆள் செத்த பிறகும் அழியாமல் இருப்பதுதான் இங்கே பாதுகாப்பு.

கூகுள் இதற்கு நேர்மாறான முடிவை எடுத்தது. ஆண்ட்ராய்டில் நினைவகம் குறையும்போதெல்லாம் சிஸ்டம் தன் விருப்பத்துக்கு ஆப்களைக் கொன்றுகொண்டே இருக்கும். கொல்லப்பட்ட ஒவ்வொன்றும் ஒரு மிச்சத்தை விட்டுச்சென்றால் சில நாளில் போன் திணறிவிடும். அதைக் காரணமாகச் சொல்லியே ஆண்ட்ராய்டில் சிஸ்டம் ஃபைவ் ஐபிசி நீக்கப்பட்டது. பதிலுக்கு ஆஷ்மெம் என்ற தனி ஏற்பாடு வந்தது. அதில் இடம் என்பது கோப்புக் கைப்பிடியைப் போன்றது. ஒரு பிராசஸ் இன்னொன்றிடம் கைப்பிடியையே கொடுத்துவிடும். கைப்பிடி வைத்திருக்கும் கடைசி ஆள் போனதும் இடமும் போய்விடும்.

பொதுவான லினக்ஸுக்கும் அந்த வழி 2014 அக்டோபரில், 3.17ஆம் பதிப்பில் மெம்எஃப்டி என்ற பெயரில் வந்தது. எழுதியவர் டேவிட் ஹெர்மன். வெளியுலகுக்குத் தெரியும் பெயர் இல்லை, பிறர் ஊகிக்க எண்ணும் இல்லை. கைப்பிடியைச் சாக்கெட் வழியாக யாரிடம் அனுப்புகிறோமோ அவருக்கு மட்டுமே வழி திறக்கும். அதோடு முத்திரை என்றொரு புதுமையும் சேர்ந்தது. முன்பெல்லாம் ஒருவர் கோப்பைப் பகிர்ந்துவிட்டுப் பின்னால் அதன் அளவைச் சுருக்கிவிட்டால், படித்துக்கொண்டிருந்தவர் 'பஸ் எரர்' வாங்கிச் சாவார். நம்பாத ஒருவரிடமிருந்து நினைவகம் வாங்குவது ஆபத்தாகவே இருந்தது. இப்போது 'இனி சுருக்க முடியாது', 'இனி எழுத முடியாது' என்று முத்திரை வைத்து அனுப்பலாம். ஒருவரையொருவர் நம்பாத பிராசஸ்களும் பகிர்நினைவகத்தில் பேச இது வழிவிட்டது. நாற்பதாண்டு முயற்சிகளில் மிக முழுமையான விடை இதுதான் என்று துணிந்து சொல்லலாம்.

பழைய முறைகள் இதனால் ஓய்ந்துவிடவில்லை. டாக்கர் கண்டெய்னரில் டெவ்-ஷம்முக்கு இயல்பாகக் கிடைப்பது 64 மெகாபைட். குரோம் பிரவுசரைக் கண்டெய்னருக்குள் ஓட்டுபவர்கள், அந்த இடம் போதாமல் அது நடுவில் நொறுங்கி விழுவதைக் கண்டு திகைக்கிறார்கள். போஸ்ட்கிரெஸ் 9.6இலிருந்து ஒரே வினவலைப் பல பிராசஸ்கள் பங்கிட்டுச் செய்கின்றன. அவை பேசிக்கொள்வதும் இயல்பாகப் போசிக்ஸ் பகிர்நினைவகத்தில்தான். கண்டெய்னரில் அந்த 64 மெகாபைட் நிரம்பினால், வட்டில் எவ்வளவு இடம் இருந்தாலும் 'சாதனத்தில் இடமில்லை' என்ற பிழை வரும். புதியவர்கள் வட்டைச் சோதித்துக்கொண்டே இருப்பார்கள்.

கல்லூரி லேப்பில் ஷம்கெட் மட்டும் போதாது. ஷம்-ஓப்பனும் மெம்எஃப்டியும் அதன் பக்கத்திலேயே கற்பிக்கப்பட வேண்டும். முதல் நிரலை நடுவில் கொன்றுவிட்டு, ஐபிசிஎஸ் பட்டியலையும் டெவ்-ஷம் அடைவையும் மாணவரே திறந்து பார்க்க வைத்தால் அரைமணி நேரத்தில் மூன்றின் வேறுபாடும் புரிந்துவிடும். அதற்கடுத்து போஸ்ட்கிரெஸின் அமைப்புக் கோப்பைக் காட்டலாம். நிலையான இடத்துக்கு 12ஆம் பதிப்பிலிருந்து எம்மேப், சிஸ்டம் ஃபைவ் இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கலாம். வேலையின்போது தற்காலிகமாக வாங்கும் இடத்துக்குப் போசிக்ஸ், சிஸ்டம் ஃபைவ், எம்மேப் மூன்றில் எதையும் எழுதலாம்.